பிவட் டேபிளில் காணாமல் போகும் சுகாதார நிலையங்கள்

கேள்வி: வணக்கம் சார். மாவட்ட சுகாதார அலுவலகம் ஒன்றில் டேட்டா என்ட்ரி வேலை பார்க்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து வாராவாரம் வரும் காய்ச்சல் விவரங்களை ஒரே எக்செல் ஷீட்டில் சேர்த்து பிவட் டேபிள் (வரிகளைத் தொகுத்துக் காட்டும் சுருக்க அட்டவணை) போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. இடப்பக்கம் வட்டாரம், அதற்குக் கீழே நிலையத்தின் பெயர், மேலே வாரம், ஃபில்டரில் நோய். டெங்கு என்று தேர்ந்தெடுத்தால் பாதி நிலையங்கள் பட்டியலிலேயே வருவதில்லை. கூட்டத்தில் "இந்த ஊர் எங்கேம்மா?" என்று கேட்கிறார்கள். எல்லா நிலையமும் தெரிய வேண்டும், கேஸ் இல்லாத இடத்தில் 0 வர வேண்டும். இன்னொரு தொல்லை, பிவட்டிலிருந்து சுருக்க ஷீட்டுக்கு எடுக்கும் ஃபார்முலாக்கள் சில வாரம் ரெஃப் (#REF!) பிழை காட்டுகின்றன. வழி சொல்லுங்கள்.

பதில்: வணக்கம் சகோதரி. உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இரண்டே இடத்தில் இருக்கிறது. நாளைக்கே கூட்டம் என்றால் அதுவே போதும், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் "கேஸ் இல்லாத இடத்தில் 0 வர வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை அப்படியே செய்துவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

பிவட்டில் ஏதாவது ஒரு நிலையத்தின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ஃபீல்ட் செட்டிங்ஸ் போங்கள். லேஅவுட் அண்ட் பிரிண்ட் என்ற டேபில் 'ஷோ ஐட்டம்ஸ் வித் நோ டேட்டா' என்று ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால் டெங்கு இல்லாத நிலையங்களும் வந்துவிடும். இது ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனித்தனி. நிலையத்துக்கு டிக் செய்தால் வாரத்துக்கும் சேர்த்துச் செய்ததாகாது. அப்புறம் பிவட்டுக்குள் ரைட் கிளிக், பிவட் டேபிள் ஆப்ஷன்ஸ், லேஅவுட் அண்ட் ஃபார்மேட். அங்கே 'ஃபார் எம்டி செல்ஸ் ஷோ' என்ற பெட்டியில் எதை எழுதுகிறீர்களோ அது காலிக் கட்டங்களில் தெரியும். எல்லோரும் அங்கே 0 போடுவார்கள். நீங்கள் இப்போதைக்கு ஒரு சின்னக் கோடு மட்டும் போடுங்கள்.

டிக் செய்த உடனே உங்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. வட்டாரத்துக்குக் கீழே நிலையம் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? சாதாரண பிவட்டுக்கு எந்த நிலையம் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்ற அறிவு கிடையாது. ஒவ்வொரு வட்டாரத்தின் கீழும் மாவட்டத்தின் எல்லா நிலையங்களையும் அடுக்கிவிடும். 10 வட்டாரம், 40 நிலையம் என்றால் 400 வரி. இதைப் பார்த்துப் பயந்துபோய் டிக்கை எடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. மூல ஷீட்டில் ஒரு நெடுவரிசை சேர்த்து வட்டாரத்தையும் நிலையத்தையும் ஒட்டி ஒரே பெயராக்குங்கள். பிவட்டில் அந்த ஒரு ஃபீல்டை மட்டும் வரிசையில் வையுங்கள். 40 நிலையத்துக்கு 40 வரிதான் வரும், வட்டார வாரியாக அடுக்கியும் இருக்கும். வட்டாரக் கூட்டுத்தொகை மட்டும் போய்விடும். அதை மீட்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது அதிர்ச்சி, பழைய பெயர்கள் எழுந்து வருவது. போன வருடம் யாரோ எழுத்துப் பிழையோடு அடித்து, நீங்கள் திருத்திய பெயர்கூட இப்போது ஒரு வரியாக நிற்கும். மூல ஷீட்டில் தேடினால் கிடைக்காது. பிவட் தன் நினைவகத்தில் பழைய பெயர்களை வைத்திருப்பதுதான் காரணம். பிவட் டேபிள் ஆப்ஷன்ஸில் டேட்டா என்ற டேபுக்குப் போய், 'நம்பர் ஆஃப் ஐட்டம்ஸ் டு ரிடெய்ன் பெர் ஃபீல்ட்' என்பதை 'நன்' (None) என்று மாற்றி ரிஃப்ரெஷ் கொடுங்கள், போய்விடும். அதற்குப் பிறகும் ஒரே நிலையம் இரண்டு வரியாக வந்தால் பிழை இன்னும் மூல ஷீட்டில் இருக்கிறது என்று பொருள். பெயரின் நடுவில் ஒரு இடைவெளி கூடியிருந்தாலே பிவட்டுக்கு அது வேறு ஊர்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்றிரண்டு நிலையங்கள் வராமல் இருக்கும். ஷோ ஐட்டம்ஸ் பெட்டி, மூல ஷீட்டில் எங்கேயாவது ஒரு முறையாவது இருக்கும் பெயரைத்தான் காட்டும். டெங்கு இல்லாவிட்டாலும் வயிற்றுப்போக்குக்காக ஒரு வரி இருந்தால் அந்த நிலையம் வரும். எந்த நோய்க்கும், எந்த வாரத்திலும் ஒரு வரிகூட இல்லாத நிலையம் எத்தனை டிக் போட்டாலும் வராது. வகுப்பில் யார் வரவில்லை என்று ஆசிரியர் சொல்ல முடிவது, கையில் பெயர்ப் பட்டியல் இருப்பதால்தான். வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தலையை எண்ணி அதைச் சொல்ல முடியாது. உங்கள் பிவட் இப்போது செய்துகொண்டிருப்பது அந்தத் தலை எண்ணும் வேலையைத்தான். அதன் கையில் ஒரு பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் அந்த 0 விஷயம்.

ஒரு கட்டம் காலியாக இருக்க இரண்டு காரணங்கள் உண்டு. நிலையம் அறிக்கை அனுப்பி, அதில் டெங்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். அல்லது அறிக்கையே வராமல் இருந்திருக்கலாம். முதலாவது நல்ல செய்தி. இரண்டாவது, யாராவது போன் எடுத்துக் கேட்க வேண்டிய விஷயம். காலிக் கட்டம் எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அறிக்கை அனுப்பாத ஊர்தான் கூட்டத்தில் மிகச் சுத்தமான ஊராகத் தெரியும். கொசு ஒழிப்புக் குழுவை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கிறவர் உங்கள் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்.

நோய்க் கண்காணிப்பில் இருப்பவர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டவர்கள். கேஸ் இல்லாவிட்டாலும் 'நில் ரிப்போர்ட்' அனுப்ப வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலேயே சொல்வார்கள். போலியோ ஒழிப்பில் இதன் மதிப்பு நன்றாகத் தெரிந்தது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாதது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2014 மார்ச் 27-ல். நடுவில் இருந்த மூன்று ஆண்டுகளும் 'கேஸ் இல்லை' என்பதை நம்பும்படி நிரூபிக்க வேண்டியிருந்தது. திடீரெனக் கை கால் தளர்ந்துபோகும் குழந்தைகளைத் தேடும் கண்காணிப்பில், அப்படி யாரும் வராத வாரத்திலும் 'யாரும் இல்லை' என்று எழுதி அனுப்பினார்கள். அந்த எழுதிய பூஜ்யங்கள் இல்லாமல் அந்தச் சான்று இல்லை. உங்கள் ஷீட்டில் இருக்கும் 0-வுக்கும் அதே எடை உண்டு.

கணக்கிலும் இது உதைக்கும். ஒரு நிலையம் நான்கு வாரத்தில் முதல் வாரம் 6 கேஸ், இரண்டாம் வாரம் 0 என்று அனுப்பியது, கடைசி இரண்டு வாரம் அனுப்பவே இல்லை என்று வையுங்கள். இருக்கும் தகவலின்படி வார சராசரி 3. வராத வாரங்களுக்கும் மூல ஷீட்டில் 0 அடித்துவிட்டால் 1.5. மாறாக, அனுப்பிய 0-வைப் பதியாமல் விட்டுவிட்டால் 6. பிவட்டின் ஆவரேஜ் காலிக் கட்டத்தைக் கணக்கில் எடுக்காது, 0-வை எடுக்கும். எம்டி செல்ஸ் பெட்டியில் போடும் 0 வெறும் தோற்றம்தான், ஆவரேஜை மாற்றாது. அதாவது திரையில் நான்கு எண்கள் தெரியும், சராசரி இரண்டு எண்களுக்குத்தான் போட்டிருக்கும். கூட்டத்தில் ஒருவர் கால்குலேட்டரை எடுத்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இது. நிலையம் 'இல்லை' என்று சொன்னதை மூல ஷீட்டில் ஒரு வரியாக, கேஸ் நெடுவரிசையில் 0 என்று அடித்துப் பதியுங்கள். வராததற்கு வரியே வேண்டாம். பிவட்டில் எம்டி செல்ஸ் பெட்டியில் கோட்டை எடுத்துவிட்டு 'வரவில்லை' என்று தமிழிலேயே எழுதுங்கள். இப்போது 0 என்றால் 0, 'வரவில்லை' என்றால் வரவில்லை. ஃபார்முலா எதுவும் தேவையில்லை. கூட்டுத்தொகையும் மாறாது.

இது சரியாக நடக்க ஒரு நிபந்தனை உண்டு. அறிக்கை வந்த வாரத்தில் எல்லா நோய்க்கும் ஒரு வரி இருக்க வேண்டும். மலேரியாவுக்கு மட்டும் வரி இருந்து டெங்குவுக்கு இல்லையென்றால், டெங்கு ஃபில்டரில் அந்த நிலையம் 'வரவில்லை' என்று தவறாக வரும். அனுப்பியவர்களை அனுப்பவில்லை என்று சொல்வது பெரிய சங்கடம். நோய்கள் குறுக்காகத் தலைப்பில் இருக்கும் படிவத்தில் விவரம் வருகிறதென்றால், எக்செல்லின் பவர் கொயரி என்ற தரவு மாற்றும் கருவியில் அன்பிவட் செய்து ஒரு நோய்க்கு ஒரு வரி என்று மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்பிவட் செய்யும்போது 0 இருக்கும் கட்டம் வரியாக வரும், காலிக் கட்டம் வராது, சத்தமில்லாமல் போய்விடும். அதனால் படிவத்தை நிரப்புகிறவர்களிடம் 'இல்லையென்றால் 0 அடியுங்கள், காலியாக விடாதீர்கள்' என்று சொல்லி வைப்பது அவசியம். 'நில்' என்று எழுத்தில் அடிப்பதும் வேண்டாம். கேஸ் நெடுவரிசையில் எழுத்து கலந்திருந்தால், அந்த ஃபீல்டைப் புதிதாக வேல்யூஸில் இழுத்துப் போடும்போது எக்செல் கூட்டாமல் எண்ண ஆரம்பித்துவிடும். 7 கேஸ் உள்ள ஒரு வரி 1 என்று ஆகிவிடும். தலைப்பில் 'சம் ஆஃப்' இருக்கிறதா, 'கவுண்ட் ஆஃப்' இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை பாருங்கள்.

கவுண்ட்டுக்கு நல்ல பயனும் இருக்கிறது. கேஸ் ஃபீல்டை வேல்யூஸில் இரண்டாம் முறை இழுத்துப் போட்டு, அதை மட்டும் வேண்டுமென்றே கவுண்ட் ஆக்குங்கள். ஒரு நிலையம், ஒரு வாரம், ஒரு நோய்க்கு ஒரே வரி என்று பதிந்திருந்தால், டெங்கு ஃபில்டரில் வட்டாரத்துக்கு நேரே வரும் கவுண்ட், அந்த வாரம் எத்தனை நிலையங்கள் அறிக்கை தந்தன என்பதைச் சொல்லும். '12 கேஸ்' என்று மட்டும் சொல்வதற்கும், '6 நிலையங்களில் 4 மட்டும் தந்த அறிக்கையில் 12 கேஸ்' என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். உங்கள் அதிகாரிக்கு இந்த ஒரு நெடுவரிசை மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது பட்டியலுக்கு வருவோம். 40 நிலையங்களும் உள்ள தனி ஷீட் ஒன்று தயார் செய்யுங்கள்: நிலையக் குறியீடு, பெயர், வட்டாரம். குறியீடு ஏன் என்றால், புதூர் என்ற பெயரில் ஒரே மாவட்டத்தில் இரண்டு ஊர் இருப்பது நம் பக்கம் சகஜம். அதேபோல் வாரங்களுக்கும் ஒரு சின்னப் பட்டியல், இந்த வாரம் வரைக்கும் மட்டும். வருடம் முழுவதையும் போட்டால் இன்னும் வராத வாரங்களும் அட்டவணையில் நிற்கும். கண்ட்ரோல், டி (T) அழுத்தி மூன்றையும் டேபிள் ஆக்குங்கள். டேட்டா மெனுவில் ரிலேஷன்ஷிப்ஸ் போய், அறிக்கை டேபிளின் குறியீட்டைப் பட்டியலின் குறியீட்டோடும், வாரத்தை வாரத்தோடும் இணையுங்கள். பட்டியலில் ஒரு குறியீடு இரண்டு முறை இருந்தால் எக்செல் இணைக்க மறுக்கும். அதுவும் நல்லதுதான், பிழை அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து புதிதாக பிவட் போடும்போது 'ஆட் திஸ் டேட்டா டு த டேட்டா மாடல்' என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். டேட்டா மாடல் என்பது இப்படி இணைத்த டேபிள்களை எக்செல் சேர்த்து வைத்திருக்கும் இடம்.

வட்டாரத்தையும் நிலையத்தையும் பட்டியல் டேபிளிலிருந்துதான் இழுக்க வேண்டும். பழக்கத்தில் அறிக்கை டேபிளிலிருந்து இழுத்துவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண். இந்த வகை பிவட்டில் ஃபீல்ட் செட்டிங்ஸில் உள்ள பழைய டிக் பெட்டி மங்கிக் கிடக்கும். அதற்குப் பதில் பிவட் டேபிள் ஆப்ஷன்ஸில் டிஸ்ப்ளே என்ற டேபில், வரிசைக்கு ஒன்றும் நெடுவரிசைக்கு ஒன்றுமாக ஷோ ஐட்டம்ஸ் பெட்டிகள் இருக்கும். இரண்டையும் டிக் செய்யுங்கள். வட்டாரமும் நிலையமும் ஒரே டேபிளிலிருந்து வருவதால் 400 வரித் தொல்லை இருக்காது, அந்தந்த வட்டாரத்தின் நிலையங்கள் மட்டும் வரும், வட்டாரக் கூட்டுத்தொகையும் கிடைக்கும். ஒருமுறைகூட அறிக்கை தராத நிலையமும் வரிசையாக 'வரவில்லை' என்று நிற்கும். 2013-க்கு முந்தைய எக்செல்லிலும் மேக்கிலும் இந்த வழி கிடையாது. அங்கே மேலே சொன்ன ஒட்டுப் பெயர் முறையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். லிப்ரே ஆபிஸ் கால்க் வைத்திருக்கிறீர்கள் என்றால், பிவட் லேஅவுட் ஜன்னலில் ஃபீல்டின் மேல் இரட்டைக் கிளிக் செய்யுங்கள், 'ஷோ ஐட்டம்ஸ் வித்அவுட் டேட்டா' இருக்கும்.

டேட்டா மாடல் தெரிந்த சிலர், மெஷரில் (பிவட்டுக்காக நாமே எழுதும் கணக்கில்) கூட்டல் ஃபார்முலாவின் கடைசியில் +0 சேர்த்தால் எல்லா நிலையமும் வந்துவிடும் என்று சொல்வார்கள். வரும், உண்மைதான். விற்பனைக் கணக்கு என்றால் நானும் அதைத்தான் சொல்வேன், கடையில் பில் இல்லை என்றால் விற்பனை 0 என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. உங்கள் வேலைக்கு அது வேண்டாம். வராத அறிக்கையையும் அது 0 ஆக்கிவிடும்.

வார எண்ணுக்குப் பதில் தேதியை வைத்து சாதாரண பிவட்டிலேயே தொகுக்க விரும்பினால், குரூப் ஜன்னலில் டேஸ் மட்டும் தேர்ந்தெடுத்து 7 கொடுங்கள். தொடக்கத் தேதி திங்கள்கிழமையாக இருக்கட்டும். 2025-ம் ஆண்டுக் கணக்குக்கு 2024 டிசம்பர் 30 சரியான திங்கள். வாரத்துக்கு ஷோ ஐட்டம்ஸ் டிக் செய்தால் இரண்டு ஓரத்திலும் சிறியது, பெரியது குறியோடு (<, >) ஒரு தேதி வரும். நெடுவரிசை ஃபில்டரில் அவை இரண்டையும் எடுத்துவிடுங்கள். இந்த டிக் இல்லாமல் வரைபடம் போடாதீர்கள். காலி வாரங்கள் அச்சிலிருந்தே மறைந்து, மூன்று வார இடைவெளி இருந்த இடத்தில் கோடு தொடர்ந்து ஓடுவது போலத் தெரியும்.

எப்போதாவது இதற்கு நேர்மாறாக, 'கேஸ் உள்ள ஊர் மட்டும் போதும்' என்று கேட்பார்கள். நிலையத்தின் தலைப்பு அம்புக்குறியில் வேல்யூ ஃபில்டர்ஸ், 'டஸ் நாட் ஈக்வல்', 0. அவ்வளவுதான். இதற்கென்று மூல ஷீட்டிலிருந்து 0 வரிகளை நீக்க வேண்டாம்.

கடைசியாக அந்த ரெஃப் பிழை. சுருக்க ஷீட்டில் கெட் பிவட் டேட்டா (GETPIVOTDATA) ஃபார்முலா இருக்கிறது என்று ஊகிக்கிறேன். பிவட்டில் ஒரு கட்டத்தைச் சுட்டினாலே எக்செல் அதைத் தானாக எழுதிவிடும். அது கேட்கும் நிலையமோ வாரமோ பிவட்டில் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ரெஃப் பிழைதான் வரும். இப்போது எல்லா நிலையமும் எப்போதும் நிற்கும் என்பதால் பெரும்பாலான பிழைகள் தாமாகவே போய்விடும். இணையத்தில் தேடினால் இஃப்எர்ரர் போட்டு பிழை வந்தால் 0 காட்டச் சொல்வார்கள். இஃப்எர்ரர் போடுங்கள், ஆனால் 0-வுக்குப் பதில் 'வரவில்லை' என்று காட்டச் சொல்லுங்கள். அந்தக் கட்டங்களை நேரடியாகக் கூட்டல் குறியால் கூட்டினால் எழுத்து இருப்பதால் வேல்யூ பிழை வரும். சம் ஃபங்ஷனில் கொடுத்தால் எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கூட்டிக்கொள்ளும்.